எஞ்சின் ஓய்ந்தபின் பாடும் டயர்

மின்சாரக் கார் வாங்கியவர்கள் முதல் சில மாதங்கள் அதன் அமைதியைப் பற்றியே பேசுவார்கள். டயரின் பட்டன் தேய்ந்து, அதை மாற்றும் நாள் வந்தபின் பேச்சு மாறும். “கம்பெனியிலிருந்து வந்த டயரே பரவாயில்லை, இது என்ன இப்படி ஊளையிடுகிறது?” என்பார்கள். பாவம், கடைக்காரர் திட்டு வாங்குவார். உண்மையில் பெட்ரோல் காரிலும் இந்தச் சத்தம் இருந்தது. எஞ்சின் இரைச்சல் அதை மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

பெட்ரோல் காரிலேயே 40, 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் டயரின் சத்தம் எஞ்சினை மிஞ்சத் தொடங்கிவிடும். மின்சாரக் காரில் அதற்கும் கீழே, ஊருக்குள் ஓட்டுகிற வேகத்திலேயே டயரின் கைதான் ஓங்கியிருக்கும். சத்தமே இல்லாமல் வந்து பாதசாரியை இடித்துவிடக் கூடாதென்று, ஐரோப்பாவில் 20 கி.மீ. வேகம் வரையிலும் அமெரிக்காவில் ஏறத்தாழ 30 கி.மீ. வரையிலும் மின்சாரக் கார்கள் செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் விதி தேவைப்படவில்லை. அங்கிருந்து டயரே போதுமான அளவு சத்தம் போட்டுக்கொள்ளும்.

வெறும் ரப்பர் உருளுவதற்கு எதற்கு இத்தனை சத்தம்?

நம்மூர் மின்சாரக் கார்களில் பரவலாகப் பார்க்கிற 215/60 ஆர்16 அளவையே எடுத்துக்கொள்வோம். அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 60 விழுக்காடு, ரிம் 16 அங்குலம். இந்த டயர் தரையில் அழுந்தி நிற்கும் இடத்தின் நீளம் தோராயமாக 15 சென்டிமீட்டர். 80 கி.மீ. வேகத்தில் ஒரு ரப்பர்க் கட்டை, அதாவது ஒரு பட்டன், தரையைத் தொட்டு, நசுங்கி, விடுபட்டு மேலேறுவதற்குள் ஆகும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஏழு பங்கு. தொடும்போது தட்டுகிறது. நசுங்கும்போது பள்ளத்திலிருக்கும் காற்றைப் பிதுக்கி வெளியே தள்ளுகிறது. விடுபடும்போது காற்று மறுபடி உள்ளே பாய்கிறது. இதற்கிடையில் ரப்பர் கொஞ்சம் ஒட்டிக் கொஞ்சம் வழுக்கிக் கிறீச்சிடவும் செய்கிறது.

பட்டன்களுக்கு நடுவே சுற்றி ஓடும் நீள்பள்ளங்கள் இன்னொரு வேலை செய்கின்றன. தரையோடு அழுந்தியிருக்கும் அந்த 15 சென்டிமீட்டருக்கு, பள்ளம் இரு முனையும் திறந்த ஒரு குழாயாகிவிடுகிறது. அப்படியொரு குழாயின் இயல்பான சுருதியைக் கணக்குப் போட்டால் 1,100 ஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது. இந்த ஒலி பிறக்கும் இடமும் மோசமான இடம். வளைந்த டயரும் தட்டையான தரையும் சேருமிடத்தில் ஆப்பு வடிவில் ஓர் இடைவெளி இருக்கிறது அல்லவா? நாகஸ்வரத்தின் முனையிலுள்ள அணைசு ஒலியைத் திரட்டி வெளியே விரிப்பதைப் போல, அந்த இடைவெளி சின்ன ஒலியையும் பெரிதாக்கி வெளியே அனுப்புகிறது. இதனால் மட்டும் 10 டெசிபெலுக்கு மேல் கூடலாம். 10 டெசிபெல் கூடினால் நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். சுவீடன் நாட்டு ஒலியியல் ஆய்வாளர் உல்ஃப் சாண்ட்பெர்க் இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்தவர். வெவ்வேறு காரணங்களால் பிறக்கும் இத்தனை ஒலிகளும் 1,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வந்து குவிவதை அவர் தனியாகச் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

பட்டன்களை எல்லாம் ஒரே அளவில் வெட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். நம் டயரின் சுற்றளவு 2.09 மீட்டர், 80 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் சுற்றும். சுற்றிலும் ஒரே அளவான 64 பட்டன்கள் இருந்தால் நொடிக்கு 680 தட்டு. சுருதி பிசகாத ஒற்றை ஊளை, காதைத் துளைக்கும். அதனால் பட்டன்களைச் சில வெவ்வேறு நீளங்களில் வெட்டி, வரிசையையும் வேண்டுமென்றே கலைத்துப் போடுகிறார்கள். ஒலியின் ஆற்றல் பெரிதாகக் குறைவதில்லை. ஒரே இடத்தில் குவியாமல் பரந்துபோகிறது. ஊளை, வெறும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலாகிவிடுகிறது. அதைக் காது சீக்கிரமே மறந்துவிடும். அடுத்த முறை புது டயரைப் பார்த்தால், ஓரத்துப் பட்டன்களின் நீளத்தை விரலால் அளந்துகொண்டே வாருங்கள். எல்லாம் ஒரே நீளத்தில் இல்லை என்பது கைக்கே தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் வெளியே போகிற சத்தம். ஐரோப்பாவில் 2012 முதல் டயர்களில் ஒட்டப்படும் சீட்டில் டெசிபெல் கணக்கு ஒன்று இருக்கும். அது இந்த வெளிச்சத்தத்தின் கணக்குத்தான். எஞ்சினை அணைத்துவிட்டு 80 கி.மீ. வேகத்தில் காரை உருளவிட்டு, தடத்தின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து, அதற்கென்றே போட்ட வழவழப்பான தார்ச்சாலையில் அளக்கிறார்கள். நம் நாட்டிலும் ஏ.ஐ.எஸ். 142 என்ற தரநிலை, உருளும்போது எழும் ஒலி, உருளுதடை, ஈரச்சாலைப் பிடி ஆகிய மூன்றுக்கும் வரம்பு வைத்திருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் அந்த டெசிபெல் கணக்கு சாலையோர டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கானது, ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்கு அல்ல. சீட்டில் 69 என்றிருக்கும் டயர் 71 என்றிருப்பதைவிடக் காருக்குள் அமைதியாகத்தான் இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. டயர் வாங்குகிற பலர் ஏமாறுவது இங்கேதான்.

உள்ளே வரும் சத்தத்துக்கு வழியே வேறு. ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி, காற்று வழியாக வருவதைவிட இரும்பு வழியாகத்தான் அதிகம் வருகிறது. டயரின் அதிர்வு ரிம்முக்கும், அங்கிருந்து சஸ்பென்ஷனுக்கும், பிறகு காரின் தரைத் தகட்டுக்கும் ஏறி, கடைசியில் தகடே ஸ்பீக்கராகிவிடுகிறது. கண்ணாடியை ஏற்றிப் பாருங்கள். அடங்குகிற இரைச்சல் காற்று வழி வந்தது. அப்படியே நின்று பின்மண்டையை அழுத்தும் ‘ங்ம்ம்’ இரும்பு வழி வந்தது. டயர் கடைக்குப் போகுமுன் எது தன்னைப் படுத்துகிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

அந்த ‘ங்ம்ம்’முக்குள் ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. டயருக்குள் அடைத்திருக்கும் காற்று ஒரு வளையம். நம் 215/60 ஆர்16 டயரில் அந்த வளையத்தின் நடுக்கோட்டுச் சுற்றளவு 1.68 மீட்டர். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். வளையத்தை ஒரு சுற்று சுற்றிவந்து தன் வாலையே பிடிக்கும் ஒலியலை நொடிக்கு 204 முறை அதிரும். பெரும்பாலான கார் டயர்களில் இது 200 ஹெர்ட்ஸை ஒட்டியே வரும். கற்கள் துருத்திய சாலையிலும் பாலத்தின் இணைப்புகளிலும் ஏறி இறங்கும்போது டயருக்குக் கிடைக்கும் ஒவ்வோர் அடியும் இந்தச் சுருதியை மீட்டிவிடுகிறது. காரின் எடை இறங்கி டயர் அடியில் சப்பையாகும்போது வளையம் வட்டமாக இல்லாததால், இந்த ஒரு சுருதி பக்கத்துப் பக்கத்தில் இரண்டாகப் பிரிந்துவிடுவதும் உண்டு.

காற்றைக் குறைத்தாலும் கூட்டினாலும் இந்தச் சுருதி மாறாது. காற்றில் ஒலியின் வேகத்தை அழுத்தம் மாற்றுவதில்லை, வெப்பம்தான் மாற்றும். லாரி கிளீனர்கள் டயரை இரும்புத் தடியால் தட்டிக் காற்றிருப்பைக் கண்டுபிடிக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே பதில் சொல்வது விறைத்து நிற்கும் ரப்பரும் அதற்குள்ளிருக்கும் கம்பியும். காற்று வளையம் அல்ல. நைட்ரஜன் அடித்தால் சத்தம் குறையும் என்று பெட்ரோல் பங்கில் சொல்வதையும் இதே கணக்கில் தள்ளிவிடலாம். காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தான். சுத்த நைட்ரஜனில் ஒலியின் வேகம் இரண்டு விழுக்காடுகூடக் கூடுவதில்லை.

இந்த 200 ஹெர்ட்ஸை அடக்கத்தான் சில டயர்களின் உள்பக்கத்தில் பாலியூரித்தேன் நுரைப் பட்டை ஒட்டுகிறார்கள். மெத்தையில் இருக்கும் நுரைக்கு அது பங்காளி. சுற்றிவரும் ஒலியலை அதன் துளைகளுக்குள் நுழைந்து சூடாகிக் கரைந்துபோகிறது. கான்டினென்டல், மிஷ்லின், பிரெல்லி, ஹான்கூக், குட்இயர் என்று எல்லாரும் ஆளுக்கொரு பெயரில் விற்கிறார்கள். குறிப்பிட்ட கார், வேகம், சாலையில் 9 டெசிபெல் வரை குறைகிறது என்பது கான்டினென்டலின் கணக்கு. பயன் உண்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நுரை அடக்குவது அந்த ஒற்றைச் சுருதியை மட்டுமே. பட்டன் இரைச்சல்தான் தொல்லை என்றால் நுரைக்குக் கொடுத்த காசு வீண். டெஸ்லாவுக்கென்று செய்யப்படும் டயர்களின் பக்கவாட்டில் டி0, டி1 போன்ற குறி இருக்கும். அதே பெயரில் குறியில்லாமல் விற்கும் டயருக்குள் நுரை இல்லாமலும் போகலாம். ‘அதே டயர்தான் போட்டேன், சத்தம் மட்டும் வேறு’ என்ற புகாரில் பாதி இங்கிருந்துதான் வருகிறது என்பது என் ஊகம்.

நுரை டயருக்கு ஒரு சங்கடமும் உண்டு. பஞ்சரானால், உள்ளிருந்து ஒட்டுப் போட அந்த இடத்து நுரையை வெட்டி, சுரண்டி, சுத்தம் செய்ய வேண்டும். ஓட்டையை அடைக்கும் திரவத்தை ஊற்றினால் நுரை அதைக் குடித்துவிடவும் கூடும். நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் இதற்கு முன் நுரை டயரைப் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. வெளியூர்ப் பயணம் அதிகமுள்ளவர் வாங்குமுன் இதை யோசிக்கலாம்.

சுகம் என்பது சத்தம் மட்டுமில்லையே. சின்னச் சின்ன மேடுகளைச் சஸ்பென்ஷனுக்குப் போகவிடாமல் டயரின் பக்கச் சுவரே வளைந்து விழுங்க வேண்டும். நம் டயரில் சுவரின் உயரம் 129 மில்லிமீட்டர். அழகுக்காக 17 அங்குல ரிம் மாட்டி, 215/55 போட்டால் அது 118. அந்தப் பதினொரு மில்லிமீட்டரை ஒவ்வொரு வேகத்தடையும் உங்கள் இடுப்புக்கு ஞாபகப்படுத்தும். பேட்டரியால் கனத்த காருக்கு எடையெண்ணும் முக்கியம். பக்கவாட்டில் 95 என்றிருந்தால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும். 91 என்றால் 615. மெத்தென்று இருக்கும் என்று யாராவது எண் குறைந்த டயரைக் காட்டினால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய தூணில் எழுதியிருக்கும் காற்றழுத்தத்தைக் குறைத்துச் சுகம் தேடுவதும் வேண்டாம். ஓரம் தேயும், சூடேறும், ஒரு சார்ஜில் ஓடும் தூரமான ரேஞ்சும் போகும்.

ரேஞ்ச் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். ஆளோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள கார். உருளுதடை எண் 0.008 கொண்ட டயர், 100 கி.மீ. தூரத்துக்கு மூன்றரை யூனிட் மின்சாரத்தைத் தின்னும். 0.010 என்றால் 4.36 யூனிட். மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு யூனிட். 100 கி.மீ.க்கு 14, 15 யூனிட் எடுக்கும் காரில் இது சின்ன விஷயமல்ல. கார்க் கம்பெனிகள் ரேஞ்சுக்காகவே உருளுதடை குறைந்த டயரைப் போட்டு அனுப்புகின்றன. மாற்றியபின் ரேஞ்ச் இறங்கியதென்றால் பேட்டரியைச் சந்தேகிக்குமுன் டயரைப் பாருங்கள்.

தடை குறைந்தால் மழையில் பிடியும் குறையாதா? ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. சக்கரம் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை சுற்றும்போது ரப்பர் மெதுவாக வளைந்து நிமிர்கிறது. அங்கே வீணாகும் ஆற்றல்தான் உருளுதடை. ஈரச்சாலையில் பிரேக் பிடிக்கும்போதோ சாலையின் நுண்ணிய முனைகள் ரப்பரை நொடிக்குப் பல்லாயிரம் முறை குத்துகின்றன. அங்கே ஆற்றல் வீணாவதுதான் பிடி. மெதுவான வளைவில் சிக்கனமாகவும் வேகமான குத்தில் தாராளமாகவும் இருக்கும் ரப்பர் வேண்டும். கரித்தூளுக்குப் பதில் சிலிக்கா கலந்து இதைச் சாதித்தார்கள். மிஷ்லின் 1992-இல் இத்தகைய டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைய மின்சாரக் கார் டயர்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

டயரை மட்டும் குறை சொல்லவும் கூடாது. சத்தத்தில் சாலைக்கும் சரிபங்கு உண்டு. நெதர்லாந்தின் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் நுண்துளைத் தார் போட்டிருப்பதே இதற்காகத்தான். உங்கள் வலது காலுக்கும் பங்குண்டு. 100-இலிருந்து 80-க்கு இறங்கினால் மூன்று டெசிபெலுக்கு மேல் குறையும். நல்ல டயருக்கும் சுமாரான டயருக்கும் உள்ள வித்தியாசமும் கிட்டத்தட்ட அதுதான். வெயிலில் ரப்பர் இளகுவதால் 10 டிகிரி கூடினால் ஒரு டெசிபெல் வரை குறையும். எனவே சித்திரை மதியத்தில் ஓட்டிப் பார்த்து, ‘ஆகா’ என்று வாங்கிவிட்டு மார்கழி விடியலில் நொந்துகொள்ளாதீர்கள்.

கடையில் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. நெடுநாள் கிடங்கில் கிடந்த ரப்பர் இறுகியிருக்கும். இறுகிய ரப்பர் கூடுதலாகக் கத்தும்.

போட்ட புதிதில் அமைதியாக இருந்த டயர் பத்தாயிரம், பதினைந்தாயிரம் கிலோமீட்டரில் ஊளையிட ஆரம்பித்தால், காரை நிறுத்தி, பட்டன்களின் மேல் உள்ளங்கையை முன்னோக்கி ஒரு முறை, பின்னோக்கி ஒரு முறை தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் ரம்பம் மாதிரி தடுக்கினால், பட்டன்கள் ஒரு முனையில் மட்டும் தேய்ந்திருக்கின்றன. மின்சார மோட்டார் எடுத்த எடுப்பில் முழு இழுவிசையும் கொடுப்பதால் இந்தக் கார்களில் தேய்மானம் சீக்கிரமே தலைகாட்டும். பேரிங் போய்விட்டது என்று சொல்லிப் புதுப் பேரிங் மாட்டிவிடும் ஒர்க்ஷாப்புகள் உண்டு. காசு போகும், ஊளை போகாது. அலைன்மென்ட் பார்த்து, எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போட்டுவந்தால் ரம்பம் அவ்வளவு சுலபத்தில் விழாது. சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி உள்ள டயராக இருந்தால், அந்தந்தப் பக்கத்திலேயே முன்பின்னாக மாற்றச் சொல்லுங்கள்.