கணினியில் கண்டது தொலைக்காட்சியிலும் அப்படியே தெரியுமா?

திருமணம், ஆலயத் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என எதைப் படமெடுத்தாலும் இன்று வீட்டிலேயே கணினியில் தொகுத்துவிட முடிகிறது. ஆனால், அதைப் பார்க்கும் குடும்பம் பெரும்பாலும் வரவேற்பறைத் தொலைக்காட்சியின் முன்தான் கூடி அமர்கிறது. எனவே, தொகுத்ததைக் கைமாற்றும் முன் தொலைக்காட்சியிலும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, ஓரம். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிகள் படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குள் மறைத்துவிடும். இதை 'ஓவர்ஸ்கேன்' என்பார்கள். தட்டைத் திரை வந்த பிறகும் பல தொலைக்காட்சிகள் படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களை வெட்டுகின்றன. ஒளிபரப்பில் எழுத்துகளைத் திரையின் நடுவிலுள்ள 90 விழுக்காட்டு அகல உயரத்துக்குள் வைப்பது இதனால்தான். நினைவஞ்சலிக் காணொளியில் தாத்தாவின் பெயர் பாதி அறுபட்டு நின்றால், பார்க்கும் பிள்ளைகளின் மனம் என்ன பாடுபடும்?

இரண்டாவது, வெளிச்சம். வழக்கமான 8 பிட் காணொளியில் கறுப்பின் அளவு 16, வெள்ளையின் அளவு 235. கணினித் திரைக்கோ அது 0 முதல் 255 வரை. கணினி முழு அளவில் அனுப்பி, தொலைக்காட்சி அதைக் குறுகிய அளவு என்று எடுத்துக்கொண்டால், இருண்ட பகுதிகள் ஒரேயடியாகக் கறுத்துவிடும். இதில் முதலில் அடிபடுவது நம்மவர்களின் மாநிற, கறுப்பு முகங்கள்தாம். பட்டுச் சேலையின் சரிகை மின்னும். மணப்பெண்ணின் முகபாவம் தெரியாது. உடனே முகத்தை வெளுக்க வைத்தால், சரியாக அமைக்கப்பட்ட இன்னொரு வீட்டுத் தொலைக்காட்சியில் அது சாயம் போனதுபோல் இருக்கும். குறை முகத்தில் இல்லை, இணைப்பில்தான். கணினியிலும் தொலைக்காட்சியிலும் கறுப்பு அளவை ஒன்றாக வைத்தாலே சரியாகிவிடும்.

மூன்றாவது, அசைவு. மலேசியாவும் சிங்கப்பூரும் 'பால்' முறையைப் பின்பற்றிய நாடுகள். அந்த முறையில் விநாடிக்கு 25 படங்கள். இரு நாடுகளிலும் 2019இல் அனலாக் ஒளிபரப்பு நின்றாலும் இந்தக் கணக்கு தொடர்கிறது. கணினியோ வழக்கமாகத் திரையை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. 60ஐ 25ஆல் சரியாக வகுக்க முடியாது. அதனால் கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகள் தடுக்கித் தடுக்கி ஓடும். தொலைக்காட்சிக்குச் செல்லும் வேகத்தை 50 ஆக்கினால் ஒவ்வொரு படமும் இரு முறை வந்து சீராகும். கைத்தொலைபேசியில் 30 படங்களாக எடுத்திருந்தால் 60ஐயே வைத்துக்கொள்ளலாம்.

சரி, எப்படி இணைப்பது? கணினியையும் தொலைக்காட்சியையும் எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணையுங்கள். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையுடன் 'பி' எழுத்தை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தொலைக்காட்சி தனித் திரையாகிவிடும். அடோபி பிரீமியர் போன்ற மென்பொருள்களில், அமைப்புகளில் உள்ள 'பிளேபேக்' பகுதியில் அந்தத் திரையைக் குறித்தால், தொகுக்கும் கருவிகள் கணினியிலும் படம் மட்டும் தொலைக்காட்சியிலும் தெரியும். உதட்டசைவும் குரலும் ஒட்டாவிட்டால் உடனே ஒலியை நகர்த்தாதீர்கள். தொலைக்காட்சி படத்தைச் சீர்செய்ய எடுக்கும் நேரமே அதற்குக் காரணமாக இருக்கலாம். 'கேம்' முறைக்கு மாற்றிப் பாருங்கள். கண்ணைப் பறிக்கும் 'விவிட்' முறையை விட்டு 'மூவி' முறையில் நிறத்தைப் பாருங்கள்.

கடைசியாக, முடித்த கோப்பைத் தம்ப் டிரைவில் ஏற்றி நேராகத் தொலைக்காட்சியில் செருகிப் பாருங்கள். வாங்கிச் செல்பவர் பார்க்கும் விதம் பெரும்பாலும் அதுதான். அப்போது மேசையருகே நிற்காமல் நாற்காலியில் தள்ளி அமருங்கள். வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரையும் உடன் அமர்த்தி, திரையில் வரும் பெயர்களை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் எழுத்து சிறியது, அல்லது வந்த வேகத்தில் மறைந்துவிட்டது என்று பொருள். அந்த இடத்தைத் திருத்திய பிறகு கொடுங்கள்.