திருவண்ணாமலை தீபத்தை படம் பிடிக்க எந்த மிரர்லெஸ் கேமரா? பாடியை விட லென்ஸ் முக்கியம்... ஏன்?

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணி. 2,668 அடி உயர மலை உச்சியில் மகா தீபம் ஏற்றப்பட்டதும் கீழே எல்லார் கையிலும் செல்போன் உயரும். வீட்டுக்கு வந்து பார்த்தா? கறுப்பு வானத்துல ஒரு வெள்ளைப் புள்ளி. மலையும் தெரியாது, கோபுரமும் தெரியாது.

இந்த ஏமாற்றத்துக்குப் பிறகுதான் பலருக்கு கேமரா ஆசை வருது. ஆனால் இருக்கிற பணத்தை எல்லாம் பாடியில் போட்டுவிட்டு, கூடவே வரும் கிட் லென்ஸோடு நின்றுவிட்டால் அதே புள்ளிதான் மிஞ்சும்.

மிரர்லெஸ் என்றால் என்ன?

டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியாக வரும் ஒளியை ஒரு கண்ணாடி வியூஃபைண்டருக்குத் திருப்பி விடும். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே கிடையாது. ஒளி நேராக சென்சாரில் விழும், அதைத்தான் திரையில் பார்க்கிறோம். அதனால் கேமராவின் தடிமனும் எடையும் குறைஞ்சுடுச்சு. லென்ஸ் மாற்றக்கூடிய இந்த வகை, 2008-ல் பானாசோனிக் ஜி1 மூலம் சந்தைக்கு வந்தது.

சின்ன கேமராவுக்கும் இந்த ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தவர் பிரான்ஸ் நாட்டின் ஹென்றி கார்த்தியே பிரஸ்ஸோன். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட லைக்காவும் உள்ளே கண்ணாடி இல்லாத சிறிய கேமராதான். யார் கண்ணையும் உறுத்தக் கூடாது என்று அதன் பளபளப்பான பாகங்களில் கறுப்பு டேப் ஒட்டி வைப்பாராம்.

எந்த மாடலில் என்ன இருக்கு?

கிரிவலப் பாதை 14 கி.மீ. முழுக்க நடை. அதனால் எடையை முதலில் பாருங்க. பேட்டரி, கார்டோடு சேர்த்து ஃபுஜிஃபிலிம் எக்ஸ்-எம்5 சுமார் 355 கிராம், கேனான் ஆர்50 சுமார் 375 கிராம். எக்ஸ்-எம்5-ல் வியூஃபைண்டர் இல்லை. திருவண்ணாமலை மதிய வெயிலில் திரையைப் பார்த்து ஃபிரேம் வைப்பது பெரிய பாடு. ஆர்50-ல் வியூஃபைண்டர் உண்டு. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷன் இரண்டு பாடியிலும் கிடையாது.

அந்த வசதி வேண்டும் என்றால் ஃபுஜிஃபிலிம் எக்ஸ்-டி50 (438 கிராம்) அல்லது சோனி ஏ6700 (493 கிராம்) பக்கம் போகணும். பாடி விலையே ஒரு லட்சத்தைத் தாண்டும். தீபம் வருவது வடகிழக்குப் பருவமழை காலத்தில். தூசி, ஈரத்தைத் தாங்கும் வகையில் இந்த நான்கில் தயாரிக்கப்பட்டது ஏ6700 மட்டும்தான். அதுக்காக மழையில் நனைய விடலாம் என்று அர்த்தமில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை கடையில் சொல்ல மாட்டாங்க. ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தை நிறுத்தும், எதிரே நடந்து போகிறவரை நிறுத்தாது. பௌர்ணமி இரவில் நடக்கும் பக்தர்களைத் தெளிவாகப் பிடிக்க வேகமான ஷட்டர் ஸ்பீட் வேண்டும், அதற்கு அதிக ஒளி வேண்டும். ஆர்50-ன் 18-45 மி.மீ. கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் எஃப் 6.3. அதே கேமராவில் 160 கிராம் எடையுள்ள 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் சுமார் 12 மடங்கு ஒளி உள்ளே வரும். பாடியை மாற்றி இந்த வித்தியாசம் கிடைக்காது.

அப்போ தீபத்துக்கு?

இங்கே கதையே வேற. கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. 217 அடி ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் நின்று போனில் எடுத்தால் கோபுரம் பெரிசாகவும் மலை குட்டியாகவும் விழும். கிழக்கே நன்றாகத் தள்ளிப் போய் டெலி லென்ஸில் எடுத்தால், கோபுரத்துக்குப் பின்னால் மலை உயர்ந்து நிற்கும். கேனானின் 55-210 மி.மீ. லென்ஸ் 270 கிராம்தான், அதிலேயே ஸ்டெபிலைசேஷனும் இருக்கு.

அடுத்தது நேரம். தீபம் ஏற்றும்போது சூரியன் மறைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். மலைக்குப் பின்னால் மேற்கு வானத்தில் இன்னும் நீலம் மிச்சம் இருக்கும். அந்த முதல் 15 நிமிடத்தில் மலையின் விளிம்பும் சுடரும் ஒரே படத்தில் வரும். இருட்டான காட்சி என்று நினைத்து கேமரா தானாகவே ஒளியைக் கூட்டிவிடும், சுடர் வெளுத்துப் போகும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை மைனஸ் 1 அல்லது 2-க்கு இறக்கிவிடுங்க.

எங்கே எடுக்கக் கூடாது?

தமிழக கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. கேமராவோடு சன்னதி வரை போகலாம் என்று கிளம்பாதீங்க. கிரிவலப் பாதையில் இருக்கும் சாதுக்களையும் கேட்டுவிட்டே எடுக்கணும். வேண்டாம் என்று கை காட்டினால் விட்டுடுங்க.

முதல் நாள் கூட்டத்தில் இடம் கிடைக்கவில்லையா? மகா தீபம் 11 நாட்கள் மாலைதோறும் தெரியும். நான்காம், ஐந்தாம் நாள் மாலை 6 மணிக்கு முன்பே போய், ஒரு முக்காலியைப் போட்டு நிதானமாக எடுக்கலாம். முக்காலி இருந்தால் விலை குறைந்த பாடியே போதும்.