உங்களுக்குத் தெரியுமா? ஊர்ப்பெயருக்குள் ஒரு முன்னொட்டு

கமுதிப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் அபிராமம் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். அந்தச் சொல்லைப் பிரித்தால் முன்னால் நிற்பது ‘அபி’ என்ற வடமொழி முன்னொட்டு. நோக்கி, மிகுந்து என்றெல்லாம் பொருள் தரும். ‘ராம’ என்றால் இனியது. சேர்ந்தால் அழகு, மனத்துக்கு இனியது. திருக்கடையூர் அபிராமியும் இதே குடும்பம்தான்.

அபிநயம் என்பது பார்ப்பவரை நோக்கிப் பொருளைக் கொண்டுசெல்வது. அபிப்பிராயத்தில் ‘அபி’, ‘பிர’ என இரண்டு முன்னொட்டுகள்!

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டக் கூடாது. அபயம் ‘அ + பயம்’, அச்சமின்மை. ஒரு துணைக்கால் கூடினால் அபாயம். அங்கே முன்னொட்டு ‘அப’. வடமொழியில் வெவ்வேறான ‘bha’, ‘pa’ இரண்டும் தமிழ் எழுத்தில் ‘ப’ என்றே வருவதால், சொல்லின் பொருளைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். அபினைப் பிரிக்கவே வேண்டாம். அது அரபியோடு உறவுள்ள சொல்.