விரைவும் அடக்கமும்

ஒரு வண்டிக்கு விரைந்து செல்லும் ஆற்றலைத் தருவது எஞ்சின். அவ்விரைவை அடக்கியாளும் ஆற்றலைத் தருவன பிறேக்கும், ரயரும், சில்லுகளைத் தாங்கும் அமைப்புமாம். முன்னையது வளரப் பின்னையவை வளராதொழியின் கேடு விளையும். இவ்வுண்மைக்கு இங்கிலாந்தின் கொவன்றி நகரத்து ஜகுவார் நிறுவனத்தார் ஆக்கிய சிறிய செடான் வண்டிகள் தக்க சான்றாகும்.

1955 இல் 2.4 லீற்றர் எஞ்சினுடன் வெளிவந்த வண்டி 112 பரிவலு உடையது. 1957 இல் அதே உடலில் 210 பரிவலு கொண்ட 3.4 லீற்றர் எஞ்சின் பொருத்தப்பட்டது. தொடக்கத்தில் இரண்டிலும் உருளைப் பிறேக்குகளே இருந்தன. பின்சில்லுகளின் இடையகலமும் முன்சில்லுகளினதிலும் ஏறக்குறைய 4½ அங்குலம் குறைவு. 1959 இல் தோன்றிய மாக் 2 வண்டியிலோ பின்னகலம் 3 அங்குலத்துக்கு மேற் கூடியது; நான்கு சில்லுகளுக்கும் தட்டுப் பிறேக் அமைந்தது. இம்மாற்றங்களின் நியாயத்தை ஆராய்வார்க்குப் பழைய வண்டியைச் சீர்செய்யும் வழி எளிதிற் புலனாகும்.

பிறேக்கின் தொழில் இயக்கச் சத்தியை உராய்வினால் வெப்பமாக மாற்றுதலாம். 1500 கிலோகிராம் திணிவுள்ள வண்டி மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது அதன்கண் ஏறக்குறைய 580 கிலோயூல் சத்தி உண்டு. 30 பாகையிலுள்ள 2 லீற்றர் நீரைக் கொதிநிலைக்கு உயர்த்த இது போதும். வேகம் பாதியாயின் சத்தி காற்பங்காகும். உருளைப் பிறேக் வெப்பமுறுங்கால், உருளை விரிந்து உள்ளிருந்து அழுத்தும் உராய்வுத் துண்டுகளை விட்டு விலகும். தட்டோ காற்றிலே வெளிப்பட்டு நிற்பதால் விரைவிற் குளிரும். விரிந்தாலும் உராய்வுத் துண்டுகளை நோக்கியே விரியும். 1953 ஆம் ஆண்டு லெ மான் 24 மணிப் பந்தயத்தில் தட்டுப் பிறேக் பூண்ட ஜகுவார் வண்டி வென்றமை இதன் சிறப்பை உலகறியச் செய்தது.

எனினும், பெரிய பிறேக் பூட்டினால் வண்டி குறுகிய தூரத்தில் நின்றுவிடும் என எண்ணுதல் தவறு. சில்லின் சுழற்சியைப் பிறேக் முற்றாக நிறுத்த வல்லதாயின், அதற்குமேல் எல்லை வகுப்பது ரயருக்கும் வீதிக்குமிடையுள்ள உராய்வே. உராய்வுக் குணகம் 0.8 ஆயின், மணிக்கு 100 கிலோமீற்றரில் ஓடும் வண்டி நிற்க ஏறக்குறைய 49 மீற்றர் வேண்டும். 50 கிலோமீற்றரில் 12 மீற்றர் போதும். பெரிய தட்டின் பயன், மலைப்பாதையில் மீண்டும் மீண்டும் அழுத்தும்போது தளராதிருத்தலே. 1958 ஆம் ஆண்டின் உலக வெற்றிவீரரான மைக் ஹாதோண், 1959 சனவரியில் ஈரமான கில்போட் வீதியில் தமது 3.4 ஜகுவார் வழுக்கியதால் உயிர் துறந்தார். உராய்வு விதித்த எல்லையைத் தேர்ந்த கையும் கடத்தல் அரிது. ஆதலின் முதற்கண் மாற்றத்தக்கது முதிர்ந்த ரயரே. அதனிடத்தில் புதிய றேடியல் ரயரை இடுதல் பெரும்பயன் தரும்.

அடுத்துக் கவனிக்கற்பாலது பிறேக் திரவம். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 4 வகைத் திரவம் புதிதாயிருக்கையில் 230 பாகைக்குக் கீழே கொதியாது. ஈரமேறியபின் 155 பாகையளவிலும் கொதிக்கக்கூடும். ஆவி அமுங்குமாதலால், மிதியை எவ்வளவு அழுத்தினும் விசை சில்லைச் சென்றடையாது. இரண்டாண்டுக்கொருமுறை திரவத்தையும், வெடிப்புற்ற றப்பர்க் குழாய்களையும் மாற்றுதல் சிறு செலவில் உயிர் காக்கும் செயலாம்.

வளைவில் திரும்புங்கால் நிறை உட்புறச் சில்லிலிருந்து வெளிப்புறச் சில்லுக்கு மாறும். சில்லுகளின் இடையகலம் கூடுந்தோறும் இம்மாற்றம் குறையும். மாக் 2 இன் பின்னகலம் கூட்டப்பட்டதன் பயன் இதுவே. சாய்வைத் தடுக்கும் முறுக்குக்கோலைத் தடித்ததாக்கினால் உடல் குறைவாகச் சாயும். ஆயின் முற்புறக்கோலை மாத்திரம் தடிப்பாக்கின், முன்பாரம் மிக்க இவ்வண்டி வளைவுக்கு வெளியே செல்ல முனையும். பிற்புறத்தை அளவின்றி இறுக்கின் வால் வழுக்கும். தேய்ந்த றப்பர் மூட்டுகளையும் தளர்ந்த ஷொக் அப்சோபரையும் புதுப்பிக்குமுன் கோலை மாற்றுதல், அத்திவாரம் இளகியிருக்கச் சுவருக்குச் சுண்ணம் பூசுதலை ஒக்கும்.

எனவே முதலில் ரயர், பின்னர் திரவமும் மூட்டுகளும், அதன்பின் பிறேக்கும் முறுக்குக்கோலும், ஈற்றில் எஞ்சினின் வலு என்னும் ஒழுங்கே அறிவுக்குப் பொருந்துவது. வலுவை முதலில் நாடுவார் பலர். அடக்கத்தை முதலில் நாடுவாரே வீடு வந்து சேர்வர்.