கடல்மேல் ஐந்து வாரம்

2020ஆம் ஆண்டில் கொரோனா என்னும் கொள்ளைநோய் உலகெங்கும் பரவிற்று. பள்ளிகளும் கடைகளும் மூடப்பட்டன. மக்கள் தத்தம் இல்லங்களுக்குள் அடங்கியிருந்தனர். அவ்வேளையில் கடல்மேல் இருந்தவர்கள் என்ன செய்தனர்? அவர்களுக்கு வீடு எது? வாயில் எது? நெதர்லாந்து நாட்டு மாணவர் சிலர் மேற்கொண்ட பயணம் இவ்வினாக்களுக்கு விடை கூறும்.

'வைல்டு சுவான்' என்பது இரண்டு பாய்மரங்களை உடைய கப்பல். அதன் நீளம் ஏறத்தாழ 60 மீட்டர். 14 முதல் 17 வயது வரையுள்ள 25 மாணவ மாணவியர், மூன்று ஆசிரியருடனும் பன்னிரண்டு மாலுமிகளுடனும் அதில் ஏறிக் கரீபியன் கடலில் கல்விப் பயணம் செய்துகொண்டிருந்தனர். கியூபாவை அடைந்து, அங்கிருந்து விமானத்தில் ஊர் திரும்புவது அவர்களுடைய திட்டம். மார்ச்சுத் திங்களில் அத்திட்டம் குலைந்தது. நாடுகள் தம் எல்லைகளை அடைக்கத் தொடங்கின. ஆகவே, அட்லாண்டிக் மாகடலைப் பாய் விரித்தே கடந்துவிடுவது என்று முடிவாயிற்று. மாணவர்களுக்கோ கப்பலோட்டும் பழக்கம் மிகக் குறைவு. ஊரில் காத்திருந்த பெற்றோரின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

புறப்படுமுன் உணவுப் பொருள்களோடு குளிருக்கு ஏற்ற உடைகளையும் அவர்கள் வாங்கிக்கொண்டனர். வெயில் காயும் கடலில் திரிந்தவர்களுக்குக் குளிருடை எதற்கு? அக்கடலில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வீசும். கிழக்கே செல்ல வேண்டிய பாய்க்கப்பல் காற்றை நேருக்கு நேர் எதிர்த்துச் செல்ல இயலாது. ஆதலின், அது முதலில் வடக்கே ஏறி, மேற்குக் காற்று வீசும் குளிர்ந்த கடற்பகுதியை அடைந்து, பின்னரே ஐரோப்பாவை நோக்கித் திரும்பும்.

நடுக்கடலில் பாய்க்கப்பலை நிறுத்திவிட்டு எல்லாரும் உறங்க முடியாது. ஆகவே, முறை வைத்தே உறங்க வேண்டும். நான்கு மணி நேரம் காவல், எட்டு மணி நேரம் ஓய்வு என்பது இத்தகைய கப்பல்களில் வழங்கும் முறைகளுள் ஒன்று. காவலில் இருப்போருள் ஒருவர் சுக்கானைப் பிடிப்பார். ஒருவர் முன்புறம் நின்று கடலைக் கூர்ந்து நோக்குவார். ஏனையோர் கயிறு இழுத்துப் பாயைத் திருத்துவர். மழையாயினும் நள்ளிரவாயினும் முறை வந்தால் எழத்தான் வேண்டும். ஓய்வு நேரம் முழுவதும் உறக்கத்துக்கு என்றும் எண்ணிவிடாதீர்கள்! பாடங்கள் உண்டு, சமையற்கட்டில் காய் நறுக்கும் வேலை உண்டு, தளத்தைக் கழுவும் வேலையும் உண்டு. கப்பல் சாயும்போது மேசைமேல் உள்ள கிண்ணம் தானே நகர்ந்து, பக்கத்தில் இருப்பவர் மடியில் கவிழும். ஆகையால், ஒரு கையால் உண்டு, மறு கையால் கிண்ணத்தைக் காத்துக்கொள்வர்.

காலமும் அங்கே சற்று மாறி நடக்கும். கிழக்கு நோக்கி 15 பாகை சென்றால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். கரீபியன் தீவுகள் பலவற்றுக்கும் நெதர்லாந்துக்கும் கோடையில் ஆறு மணி நேர வேறுபாடு உண்டு. அந்த ஆறு மணி நேரத்தையும் இம்மாணவர்கள் வழியிலேயே சிறிது சிறிதாக இழந்தனர்.

'விலகியிரு, தனித்திரு' என்று உலகமே முழங்கிய நாள்கள் அவை. ஆனால், 60 மீட்டர்க் கப்பலில் நாற்பது பேர் எங்கே விலகியிருப்பது? எனினும், கப்பல் முழுவதையும் ஒரே வீடாகக் கொண்டால் அவ்வீட்டைப்போல் தனித்திருந்த வீடு வேறு இல்லை. நோய் தொற்றியவரிடம் 14 நாளுக்குள் அதன் குறிகள் தோன்றும் என்பது மருத்துவர் அப்போது கொண்ட கணக்கு. அதனினும் நீண்ட காலம் இக்கப்பல் நடுக்கடலில் இருந்தது. பண்டு, வெனிசு நகரத்தார் கொள்ளைநோய்க்கு அஞ்சி, வந்த கப்பல்களை நாற்பது நாள் ஒதுக்கி நிறுத்திய பின்னரே ஆட்களைக் கரையிறங்க விடுவர். நாற்பது என்னும் பொருளுடைய அவர்கள் மொழிச் சொல்லிலிருந்தே 'குவாரண்டைன்' என்ற பெயர் பிறந்தது.

ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் கடந்து, ஏப்ரல் 26ஆம் நாள் அக்கப்பல் வட நெதர்லாந்தில் உள்ள ஹார்லிங்கன் துறைமுகத்தை அடைந்தது. மாணவர்கள் தாமே எழுதிய துணிப்பதாகை ஒன்று கப்பலில் தொங்கியது. மாகடலைக் கடந்தது, நடுக்கடலில் நீந்தியது, பலரும் அஞ்சும் பெர்முடா முக்கோணத்தில் பிழைத்து வந்தது ஆகிய மூன்றுக்கும் நேரே அதில் 'முடிந்தது' என்று குறியிட்டிருந்தனர். கரையில் பெற்றோர் நின்றனர். வளர்ப்பு நாய்களும் வந்திருந்தன. செம்மஞ்சள் நிறப் புகை எழுந்தது. ஆயினும், எல்லாரும் ஒருங்கே ஓடிச் சென்று தழுவிக்கொள்ள இயலவில்லை. ஐந்து வாரம் தோளோடு தோள் உரச வாழ்ந்த அப்பிள்ளைகள் கரையின் புதிய வழக்கத்துக்கு உட்பட்டனர். ஒவ்வொரு குடும்பத்தின் காராக முறையே துறைக்கு வர, தத்தம் பெற்றோருடன் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்குப் புறப்பட்டனர்.