பன்னாட்டு இளையோர் பனி ஹாக்கியில் நாட்டுப்பண் மரியாதை

பன்னாட்டு இளையோர் பனி ஹாக்கியில் நாட்டுப்பண் மரியாதை என்பது, ஆட்டம் முடிந்த பின்னர் வென்ற அணியின் நாட்டுப்பண் இசைக்கப்படும்போது தோற்ற அணியினரும் பார்வையாளர்களும் கடைப்பிடிக்கும் ஒழுங்கைக் குறிக்கும். பல விளையாட்டுகளில் ஆட்டம் தொடங்குவதற்கு முன் இரு நாடுகளின் நாட்டுப்பண்களும் இசைக்கப்படுகின்றன. பன்னாட்டு பனி ஹாக்கிப் போட்டித்தொடர்களிலோ ஆட்டத்தின் முடிவில் வென்ற நாட்டின் நாட்டுப்பண் மட்டுமே இசைக்கப்படுகிறது. தோற்றவர்கள் அது முடியும் வரை பனித்தளத்திலேயே நிற்க வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயது இளைஞர்களுக்கு இது எளிதன்று. அதனாலேயே இவ்வழக்கம் விளையாட்டு அறத்தின் ஒரு சோதனையாகக் கருதத்தக்கது.

பின்னணி

ஐஸ் ஹாக்கி எனப் பரவலாக அறியப்படும் பனி ஹாக்கி, உறைபனித் தளத்தில் சறுக்குக் காலணி அணிந்து, வளைந்த மட்டையால் தட்டையான வட்டு ஒன்றை அடித்து ஆடும் விளையாட்டு ஆகும். இதனைப் பன்னாட்டு அளவில் நிருவகிக்கும் பன்னாட்டு பனி ஹாக்கிக் கூட்டமைப்பு 1908 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தொடங்கப்பட்டது. இதன் தலைமையகம் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் உள்ளது.

இக்கூட்டமைப்பு நடத்தும் இளையோர் போட்டிகளுள் முதன்மையானது, இருபது வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கான உலக இளையோர் போட்டித்தொடர் ஆகும். இது 1977 முதல் அதிகாரபூர்வமாக நடைபெற்று வருகிறது. வழக்கமாக டிசம்பர் மாத இறுதியில் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடிவடையும். முதல் பிரிவில் பத்து நாடுகள் பங்கேற்கின்றன. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கான தொடர் 1999 இலும், அதே வயதுப் பெண்களுக்கான தொடர் 2008 இலும் தொடங்கப்பட்டன.

கனடாவில் இளையோர் தொடரை மக்கள் மிகுந்த ஆர்வத்துடன் பின்தொடர்கின்றனர். தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆகும் கனவில் இருக்கும் இளைஞர்கள், தம் நாட்டின் சீருடையில் பெருந்திரளான மக்கள் முன் ஆடும் முதல் மேடை பெரும்பாலும் இதுவே. எனவே வெற்றியின் களிப்பும் தோல்வியின் வலியும் இங்கே இரு மடங்காகின்றன.

நடைமுறை

ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் களத்தை விட்டு வெளியேறுவதில்லை. பனித்தளத்தில் வரையப்பட்டுள்ள இரு நீலக் கோடுகளின் மீது, ஒருவரையொருவர் நோக்கியவாறு வரிசையாக நிற்கின்றனர். பின்வருவன இந்நிகழ்வின் கூறுகள்:

1. இரு அணிகளிலும் சிறப்பாக ஆடிய ஒவ்வொருவரும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டுப் பரிசு பெறுகின்றனர். தோற்ற அணியின் சிறந்த ஆட்டக்காரரும் இவ்வாறு சிறப்பிக்கப்படுகிறார்.
2. வென்ற நாட்டின் கொடி ஏற்றப்பட்டு, அதன் நாட்டுப்பண் இசைக்கப்படுகிறது. இரு அணியினரும் தலைக்கவசத்தைக் கழற்றி நிற்பர்.
3. இரு அணியினரும் வரிசையாகச் சென்று ஒவ்வொருவரும் எதிரணியின் ஒவ்வொருவருடனும் கைகுலுக்குவர்.

வட அமெரிக்காவின் தொழில்முறை அமைப்பான தேசிய ஹாக்கிக் குழுமத்தின் ஆட்டங்களில், இத்தகைய கைகுலுக்கல் இறுதிச் சுற்றுத் தொடர்கள் ஒவ்வொன்றின் முடிவில்தான் வழக்கமாக நிகழும். பன்னாட்டுப் போட்டிகளில் ஒவ்வோர் ஆட்டத்தின் பின்னரும் நிகழ்வது குறிப்பிடத்தக்கது.

இப்போதைய விதிகளின்படி ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியின் வெற்றியிலேயே முடிகிறது. நேரம் முடிந்தும் சமநிலையில் இருந்தால் கூடுதல் நேரம் வழங்கப்படும். அதிலும் முடிவு கிடைக்காவிடில் குழுநிலை ஆட்டங்களில் தனியடிகள் மூலம் முடிவு காணப்படும். ஆகவே ஒவ்வோர் ஆட்டத்தின் இறுதியிலும் ஒரு நாட்டுப்பண் ஒலிப்பது உறுதி. அது எவருடையது என்பதே கேள்வி.

பியெஷ்டானி, 1987

எதிரணிக்குரிய மரியாதை முற்றிலும் குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1987 ஜனவரி 4 அன்று செக்கோஸ்லோவாக்கியாவின் பியெஷ்டானி நகரில் நடந்த ஆட்டம் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. கனடாவும் சோவியத் ஒன்றியமும் அன்று மோதின. சோவியத் அணி பதக்க வாய்ப்பை ஏற்கெனவே இழந்திருந்தது. கனடாவுக்குப் பதக்கம் உறுதியாகியிருந்தது. ஐந்து கோல் வேறுபாட்டில் வென்றால் தங்கமே கிடைக்கும் நிலை இருந்தது.

இரண்டாம் பகுதியில் கனடா 4–2 என முன்னணியில் இருந்தபோது கைகலப்பு மூண்டது. இருக்கைகளில் இருந்த ஆட்டக்காரர்களும் களத்தில் குதித்தனர். நடுவர்களால் கட்டுப்படுத்த இயலவில்லை. சண்டையை நிறுத்தும் பொருட்டு அரங்கின் விளக்குகள் அணைக்கப்பட்டன. இருளிலும் சண்டை தொடர்ந்தது. முடிவில் ஆட்டம் கைவிடப்பட்டு, இரு அணிகளும் தொடரிலிருந்தே நீக்கப்பட்டன. ஆட்டக்காரர்களுக்கு 18 மாதங்களும் பயிற்றுநர்களுக்கு மூன்று ஆண்டுகளும் பன்னாட்டுப் போட்டிகளில் தடை விதிக்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் பலரின் தடைக்காலம் பின்னர் குறைக்கப்பட்டது. பின்லாந்து தனது முதலாவது இளையோர் தங்கத்தை வென்றது.

அவ்வாட்டத்தில் வென்றவர் எவரும் இல்லை. ஆகவே எந்த நாட்டுப்பண்ணுக்கும் அங்கே இடமில்லாமற் போயிற்று. அடுத்த தொடர் மாஸ்கோவில் நடைபெற்றது. அங்கே 1988 ஜனவரியில் கனடா சோவியத் அணியை 3–2 என வென்று, தங்கத்தையும் பெற்றது. ஓராண்டுக்கு முன் கைகலப்பில் முடிந்த பகை, இம்முறை ஆடி முடிக்கப்பட்ட ஓர் ஆட்டமாக அமைந்தது.

நாடுகளும் நாட்டுப்பண்களும் மாறியபோது

நாட்டுப்பண்கள் நிலையானவை என்று பார்வையாளர்கள் எண்ணுவதுண்டு. இளையோர் பனி ஹாக்கியின் வரலாறு அவ்வாறு காட்டவில்லை.

ஜெர்மனியின் பியூசன் நகரை மையமாகக் கொண்டு 1991 டிசம்பர் 26 முதல் 1992 ஜனவரி 4 வரை நடைபெற்ற தொடரைச் சோவியத் ஒன்றியத்தின் அணியாகத் தொடங்கிய இளைஞர்கள், அந்நாடு கலைக்கப்பட்டமையால் விடுதலை பெற்ற நாடுகளின் பொதுநலவாய அணியாக முடித்தனர். தங்கத்தையும் அவர்களே வென்றனர்.

அடுத்த ஆண்டும் இதையொத்த நிகழ்வு நடந்தது. சுவீடனின் யேவ்லெ நகரில் தொடர் நடந்துகொண்டிருக்கையில், 1992 டிசம்பர் 31 உடன் செக்கோஸ்லோவாக்கியா என்னும் நாடு முடிவுக்கு வந்தது. அவ்வணி செக், சுலோவாக் இளைஞர்களின் கூட்டணியாக ஆட்டங்களை முடித்து வெண்கலம் பெற்றது. செக்கோஸ்லோவாக்கியாவின் நாட்டுப்பண் ஒரு செக் பாடலையும் ஒரு சுலோவாக் பாடலையும் அடுத்தடுத்துக் கொண்டிருந்தது. பிரிவினைக்குப் பின் ஒவ்வொன்றும் ஒரு நாட்டுக்கு உரியதாயிற்று. ஒரே வரிசையில் நின்றவர்கள் பின்னாளில் எதிரெதிர் நீலக் கோடுகளில் நிற்க நேர்ந்தது.

உருசியா 1999 ஜனவரியில் கனடாவின் வினிப்பெக் நகரில் கூடுதல் நேரத்தில் 3–2 எனக் கனடாவை வென்று தங்கம் பெற்றது. அப்போது உருசியாவின் நாட்டுப்பண், இசையமைப்பாளர் கிளிங்காவின் மெட்டைக் கொண்டதாகவும் அதிகாரபூர்வமான சொற்கள் அற்றதாகவும் இருந்தது. வென்ற இளைஞர்கள் பாடுவதற்கு வரிகளே இல்லை. 2000 ஆம் ஆண்டின் இறுதியில் பழைய சோவியத் மெட்டு புதிய சொற்களுடன் ஏற்கப்பட்டது.

2022 பிப்ரவரியில் உருசியா உக்ரைன் மீது பெரும் படையெடுப்பைத் தொடங்கியதைத் தொடர்ந்து, உருசியா, பெலாரஸ் அணிகள் கூட்டமைப்பின் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. இவ்வாறு, மைதானத்தில் எந்த நாட்டுப்பண் ஒலிக்கும் என்பதை ஆட்டத்தின் முடிவோடு வெளியுலக அரசியலும் தீர்மானிக்கிறது.

தோல்வியை ஏற்றல்

2011 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகரில் நடந்த இறுதியாட்டத்தில், இரண்டு பகுதிகள் முடிந்தபோது கனடா 3–0 என முன்னணியில் இருந்தது. மூன்றாம் பகுதியில் உருசியா ஐந்து கோல்கள் அடித்து 5–3 என வென்றது. பஃபலோ கனடாவின் எல்லையில் உள்ள நகராதலால் அரங்கில் கனடியரே மிகுதியாக இருந்தனர். இருபது நிமிட ஆட்டத்தில் கைநழுவிய தங்கத்தை எண்ணியபடி எதிரணியின் நாட்டுப்பண்ணைக் கேட்பதே அத்தகைய தருணத்தில் ஓர் அணிக்கு விதிக்கப்பட்ட கடமை.

அதே நகரில் 2018 இறுதியாட்டத்தில் கனடா சுவீடனை 3–1 என வென்றது. பதக்கமளிப்பின்போது சுவீடன் அணித்தலைவர் லியாஸ் ஆண்டர்சன் தமது வெள்ளிப் பதக்கத்தைப் பார்வையாளர் பகுதிக்குள் எறிந்தார். பின்னர் அவர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானார். தோல்வியின் வலியில் செய்த செயல் எனச் சிலர் அவரைப் புரிந்துகொண்டனர். வென்றவரையும் அது சிறுமைப்படுத்துகிறது எனப் பிறர் கண்டித்தனர்.

பார்வையாளர்களின் பங்கு

ஆட்டக்காரர்களை விதிகள் கட்டுப்படுத்துகின்றன. பார்வையாளர்களைக் கட்டுப்படுத்துவது வழக்கமும் மனச்சான்றுமே. பெரியவர்களின் ஆட்டங்களில் இவ்விரு போக்குகளையும் காணலாம்.

2014 நவம்பரில் டொரோண்டோவில் நடந்த தேசிய ஹாக்கிக் குழும ஆட்டமொன்றில் அமெரிக்க நாட்டுப்பண் பாடப்படுகையில் ஒலிவாங்கி பழுதடைந்தது. கூடியிருந்த கனடிய மக்கள் அதனைத் தாமே பாடி முடித்தனர். இதற்கு மாறாக 2025 பிப்ரவரியில், அமெரிக்கா விதிக்க முனைந்த இறக்குமதி வரிகளும் கனடாவை இணைப்பது குறித்த பேச்சும் கசப்பை ஏற்படுத்தியிருந்த வேளையில், மொண்ட்ரியால் நகரில் நடந்த நான்கு நாடுகள் போட்டியில் அமெரிக்க நாட்டுப்பண்ணின்போது பார்வையாளர்கள் கூச்சலிட்டனர். ஆட்டம் தொடங்கிய முதல் ஒன்பது வினாடிகளில் மூன்று சண்டைகள் நிகழ்ந்தன.

அரசின் மீதுள்ள சினத்தைக் காட்ட மக்களுக்கு உரிமை உண்டு என்பது ஒரு வாதம். களத்தில் நிற்பவர்கள் அவ்வரசின் கொள்கைகளை வகுத்தவர்கள் அல்லர் என்பது எதிர்வாதம். வாக்களிக்கும் வயதையே அப்போதுதான் எட்டியவர்கள் அல்லது இன்னும் எட்டாதவர்கள் ஆடும் இளையோர் போட்டிகளில் இரண்டாம் வாதம் கூடுதல் வலுப்பெறுகிறது.

தரை ஹாக்கியுடன் ஒப்பீடு

தமிழில் வளைகோல் பந்தாட்டம் எனப்படும் தரை ஹாக்கியில் ஆட்டத்திற்கு முன்னரே இரு நாட்டுப்பண்களும் இசைக்கப்படுகின்றன. இங்கு மரியாதை சமமானவர்களுக்கு இடையிலானது. எவரும் இன்னும் தோற்கவில்லை. 2025 செப்டம்பரில் ஆசியக் கோப்பைத் துடுப்பாட்டத்தில் இந்திய ஆட்டக்காரர்கள் பாக்கிஸ்தான் அணியினருடன் கைகுலுக்காதது பெரும் விவாதத்திற்கு உள்ளானது. அடுத்த மாதம் மலேசியாவில் நடந்த சுல்தான் ஜொகூர் கோப்பை இளையோர் ஹாக்கியில், அக்டோபர் 14 அன்று அவ்விரு நாட்டு இளைஞர்களும் நாட்டுப்பண்களுக்குப் பின் உள்ளங்கை தட்டி வாழ்த்திக்கொண்டனர். ஆட்டம் 3–3 எனச் சமநிலையில் முடிந்தது.

அவ்வாண்டின் இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்ற ஆண்கள் இளையோர் உலகக்கோப்பையிலிருந்து பாக்கிஸ்தான் விலகிக்கொண்டது. அதன் இடத்தில் ஓமான் ஆடியது. எனவே எதிரணியின் நாட்டுப்பண்ணுக்குத் தமிழகப் பார்வையாளர்கள் எழுந்து நிற்கும் வாய்ப்பு ஒன்று இல்லாமற் போயிற்று.

முக்கியத்துவம்

வெற்றியாளரின் நாட்டுப்பண்ணை மட்டும் இசைப்பது தோற்றவரைத் தண்டிப்பது போலத் தோன்றலாம். ஆயினும் அதே விதி அடுத்த நாள் அவருக்கும் உரியதாகிறது. இன்று எதிரணிக்காக நிற்பவர், நாளை தாம் வெல்கையில் எதிரணி நிற்கும் என்று எதிர்பார்க்க இயலும். எதிரணியின் நாட்டை விரும்ப வேண்டும் என்று இவ்வழக்கம் எவரையும் கேட்பதில்லை. ஒரு நாட்டுப்பண் இசைக்கப்படும் நேரம் வரை அமைதியாக நிற்க வேண்டும் என்றே கேட்கிறது. பியெஷ்டானியில் இல்லாமற்போனது அதுவே.