கிராப் ஏகபோகமா? சட்டம் கேட்கும் கேள்வியே வேறு

சுங்கைப்பட்டாணியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பீடோங் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போகணும். என்ன செய்வீங்க? 'ஒரு கிராப் போடு' என்றுதான் சொல்வோம். டாக்சி என்ற சொல்லே பேச்சில் குறைந்துவிட்டது. அப்படியென்றால் அது ஏகபோகம்தானே?

மலேசியாவின் 2010ஆம் ஆண்டு போட்டிச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பெரிய நிறுவனமாக இருப்பது குற்றமல்ல. அந்தப் பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத்தான் அதன் 10ஆவது பிரிவு தடை செய்கிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கடை. அரிசி, பருப்பு எல்லாம் அங்கேதான், 555 புத்தகத்தில் கடன் கணக்கும் அங்கேதான். வேறு கடை இல்லாதது அந்தக் கடைக்காரரின் குற்றமா? இல்லை. ஆனால், 'வேன்ல காய்கறி கொண்டு வர்றவன்கிட்ட வாங்கினா, இனி உனக்குக் கடன் கிடையாது' என்று அவர் சொன்னால் கதை வேறு.

கிராப் விவகாரமும் ஏறக்குறைய இதுதான். 2012இல் மைடெக்சி என்ற பெயரில் மலேசியாவில்தான் அது தொடங்கியது. 2018 மார்ச்சில் ஊபரின் தென்கிழக்காசியத் தொழிலை வாங்கியது. ஊபருக்குப் பதிலாகக் கிடைத்தது கிராப்பில் 27.5 விழுக்காட்டுப் பங்கு. அடுத்த மாதமே ஊபர் செயலி இங்கே நின்றுபோனது.

அதை ஏன் அரசாங்கம் தடுக்கவில்லை? நிறுவனங்கள் இணைவதைத் தடுக்கும் அதிகாரம் நம் போட்டிச் சட்டத்தில் அப்போது இல்லை. சிங்கப்பூரில் இருந்தது. அதனால் 2018 செப்டம்பரில் இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து சுமார் 1 கோடியே 30 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதித்தார்கள். என்னைக் கேட்டால், நம் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். போட்டியாளரை விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விழுங்கிய பிறகு எப்படி நடந்துகொள்கிறார் என்று மட்டும் கவனிக்க வேண்டியிருந்தது.

மைசிசி எனப்படும் மலேசியப் போட்டி ஆணையம் அதைத்தான் செய்தது. 2019 அக்டோபர் 3ஆம் தேதி, 8 கோடியே 67 லட்சம் ரிங்கிட்டுக்கும் மேல் அபராதம் விதிக்கப் பரிந்துரைத்தது. குற்றச்சாட்டு கட்டண உயர்வு பற்றியது அல்ல. ஓட்டுநர்கள்மேல் போடப்பட்ட விதிமுறைகள் பற்றியது. கிராப்பின் போட்டியாளர்களை விளம்பரப்படுத்தவோ, அவர்களுக்கு விளம்பரச் சேவை வழங்கவோ ஓட்டுநர்களுக்குத் தடை இருந்தது என்றது ஆணையம். காரும் ஓட்டுநருடையது, தவணை கட்டுவதும் அவர்தான். இது ஆச்சரியமளிப்பதாகவும், தங்கள் தளத்தில் என்ன விளம்பரம் வரலாம் என்று நிறுவனங்கள் முடிவு செய்வது வழக்கமான ஒன்றுதான் என்றும் கிராப் பதில் சொன்னது. நீதிமன்றத்துக்கும் போனது. அன்று ஆணையம் அறிவித்தது பரிந்துரைதான், இறுதித் தீர்ப்பு அல்ல.

சந்தையில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஒருவரிடம் இருந்தால், ஆதிக்க நிலைக்கு அது ஓர் அறிகுறி என்பது மைசிசியின் வழிகாட்டி. விதிமீறல் உறுதியானால், உலகளாவிய வருமானத்தில் 10 விழுக்காடு வரை அபராதம் விதிக்கலாம்.

மழை நேரத்தில் கூலிமில் கட்டணம் எகிறுவது எரிச்சல்தான். ஆனால் அதை மட்டும் வைத்து ஏகபோகம் என்று சட்டப்படி நிரூபிப்பது கடினம். நீங்கள் ஓட்டுநராக இருந்தால், ஒப்பந்தத்தில் வேறொன்றைத் தேடுங்கள்: வேறு நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்வதைத் தடுக்கும் வரி. மைசிசியிடம் பொதுமக்கள் யாரும் புகார் கொடுக்கலாம். அந்தப் பக்கத்தின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.